செங்கல்

அந்தப் பெண் சோதனைக் குழாயை மூக்கருகே கொண்டுபோகவில்லை. தள்ளிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் காற்றை மெல்லத் தன் பக்கம் விசிறினாள்.

எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வயிறு எரிந்தது.

ஹெலன் அப்படித்தான் விசிறுவாள்.

படிக்கிற காலத்தில் கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கும் ஹெலனுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. பேராசிரியர் வகுப்பையே கூப்பிட்டு, "ஹெலன் கையைப் பாருங்க" என்பார். அவளும் போய்ப் பார்ப்பாள். பார்த்துப் பார்த்தே படிப்பு முடிந்துவிட்டது.

இன்று அவள் வேறு பள்ளியிலிருந்து வந்திருக்கிற புறத்தேர்வாளர். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு. ஹெலனின் பள்ளி, ஹெலனின் பிள்ளைகள். மதிப்பெண் போடும் பேனா மட்டும் அவளுடையது.

புட்டியில் இருக்கும் உப்பு என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். ஜன்னலோர மேசைகளுக்கெல்லாம் ஒரே புட்டியிலிருந்து வெள்ளைப் பொடி.

ஹெலன் அந்தப் பக்கமாக நடந்தாள். பர்னரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனாள்.

"செங்கல்... செங்கல்..."

பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். சுடரில் காட்டினால் செங்கல் சிவப்பாக எரிவது கால்சியம். அப்படியானால் கால்சியம் கார்பனேட். நெருப்பே இல்லாமல் சோதனை முடிந்தது.

அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பள்ளியில் அவளும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு நடப்பாள். அங்கே வருகிற தேர்வாளர்களும் மின்விசிறியைத்தான் பார்ப்பார்கள்.

விடைத்தாள்கள் வந்தன.

கால்சியம். கால்சியம். கால்சியம்.

காற்றை விசிறிய அந்தப் பெண், இசக்கியம்மாள், மட்டும் வேறு எழுதியிருந்தாள். வெளிர்பச்சைச் சுடர். பேரியம் கார்பனேட்.

தவறு!

நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. இவ்வளவு அழகாக விசிறி என்ன பிரயோசனம்? அவள் இசக்கியைக் கூப்பிட்டாள்.

"டீச்சர் சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துச்சு டீச்சர்."

"பெறவு?"

"எனக்குப் பச்சையாத்தான எரிஞ்சுது."

பிடிவாதத்தைப் பார். சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தால் போதும். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. ஹெலனின் பிள்ளை தோற்றதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்.

மிச்சமிருந்த பொடியில் இரண்டு சொட்டு அமிலம் விட்டுக் குழைத்தாள். கண்ணாடிக் கோலில் தொட்டுச் சுடரில் காட்டினாள்.

பச்சை.

கோலைத் துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். மறுபடியும் பச்சைதான்.

யாரோ புட்டியில் பொடியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் வெள்ளை, இரண்டும் அமிலம் பட்டால் பொங்கும். நெருப்பில் காட்டினால்தான் குட்டு வெளிப்படும். அந்த வரிசையில் ஒருத்திதான் காட்டியிருக்கிறாள்.

நிமிர்ந்தாள். ஹெலனும் அந்தச் சுடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

இத்தனை வருஷத்து எரிச்சலுக்கு இதைவிட என்ன வேண்டும்? மேலிடத்துக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் ஹெலனின் பேர் நாறிவிடும். அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் போய்விடும்.

ஹெலன் மெல்லக் கிட்டே வந்தாள்.

"ஏட்டி, பிள்ளேள் பாவம்."

அவள் இசக்கியின் தாளை எடுத்தாள். முழு மதிப்பெண். பேனா தாளில் அழுந்திப் பதிந்தது.

அடுத்த தாளில் கால்சியம் என்று எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதற்கும் முழு மதிப்பெண் போட்டாள். அதற்கடுத்ததற்கும்.

எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. முன்னைவிடக் கூடியிருந்தது.

இசக்கி தன் மேசையில் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கழுவச் சொல்லவில்லை.

"ஒனக்கு மட்டும் எங்கருந்துட்டி இப்படி ஒருத்தி கெடச்சா?"

ஹெலன் அதைக் குற்றச்சாட்டு என்றே எடுத்துக்கொண்டாள். சங்கடத்தோடு கையைப் பிசைந்தாள்.

"அது எப்பவும் அப்படித்தான்ட்டி. நான் சொன்னா கேக்கவே கேக்காது."

அவள் பேனாவை மூடினாள். தன் வகுப்பை வரிசை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். போன வருஷத்து வகுப்பை, அதற்கு முந்தியதை.

எல்லோரும் சொன்னால் கேட்கிற பிள்ளைகள்.