கையில் நிற்காத சாக்லேட்

விடுமுறையிலும் எட்டாம் மாடிக்குச் சாரம் கட்டக் கிளம்பினான் கணவன். சாக்லேட் கலவை ஆறிய கிண்ணத்தோடு வாசலை மறித்தாள் மனைவி.

"ரெண்டு உருண்டை உருட்டிட்டுப் போங்க."

"நானா? இன்னிக்கு என்ன புதுசா?"

உருட்டினான். கூழாகி விரலிடுக்கில் வழிந்தது. பக்கத்தில் மகள் உருட்டியவையெல்லாம் கோலிக்குண்டாய் நின்றன.

"அப்பா கைக்குக் கம்பிதான் லாயக்கு!" என்று மகள் சிரித்தாள்.

ரோஷமாய் இன்னொன்று எடுத்தான். அதுவும் உருகியது.

"எனக்கு மட்டும் ஏன் நிக்கமாட்டேங்குது?"

மனைவி அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டாள்.

"நெத்தியைத் தொடவிடாம நழுவினீங்களே, சாக்லேட் சொல்லிடுச்சு. உடம்பு அனலாக் கொதிக்குது. இதோட சாரத்துல ஏறுவீங்களா? போய்ப் படுங்க!"

"காய்ச்சலா, எனக்கா?" விரலை நக்கியவன் முகம் சுளித்தான். "அதை விடு. சர்க்கரை போட மறந்துட்டியா? இப்படிக் கசக்குது!"

மூன்றாவது உருண்டையை மென்றுகொண்டிருந்த மகள், அப்பாவுக்குப் பாய் விரித்தாள்.