கொத்தனார் வீட்டு வாசல்

"மோதிரம் எங்கம்மா?"

"கொத்தனார்கிட்ட இருக்கு."

சீப்பும் கையுமாக மகள் தொட்டிக்கு ஓடி வந்தாள்.

கொத்தனார் என்பது எங்கள் கடல்தண்ணீர்த் தொட்டி மீனுக்கு நாங்கள் வைத்த பெயர். மஞ்சள் தலை, நீல உடம்பு, விரல் நீளம்தான் ஆள். மணலில் குழி தோண்டி, கூழாங்கல்லையும் கிளிஞ்சலையும் வாயால் கவ்வி வந்து சுவர் கட்டுவதுதான் நாள் முழுக்க வேலை. கட்டியதைப் பிரித்து மறுபடியும் கட்டுவார். திருப்தியே கிடையாது.

இன்றைக்கு அவர் வாசலில், கிளிஞ்சல்களுக்கு நடுவே, மாப்பிள்ளை மோதிரம்.

பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். இப்போது மணி பத்தேகால்.

தப்பு என்னுடையதுதான். இரை போடும்போது ஆசையாகக் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை தாட்டியான ஆள், மோதிரமும் அந்த அளவு. நழுவிப் போய் விழுந்துவிட்டது.

தண்ணீருக்குள் கையை விட்டால், கொத்தனார் மோதிரத்தைக் கவ்விக்கொண்டு வால் முதலில் போகக் குழிக்குள் இறங்கிவிடுகிறார். கையை எடுத்தால் ஏறி வந்து, அதே இடத்தில் பதித்துவிட்டு அழகு பார்க்கிறார்.

"சிரிக்காதம்மா! மானம் போகப்போகுது!"

சொன்னவளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. இருப்பதைவிட நல்ல சாமான் கண்ணில் பட்டால் கொத்தனார் பழையதைக் கீழே போட்டுவிடுவார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு வாய்.

"உன் சட்டையில இருக்கிற சிப்பிப் பொத்தான் ஒண்ணு கொடுடி."

"ஐயோ, புதுச் சட்டைம்மா!"

கத்தரிக்கோல் ஏற்கெனவே என் கையில் இருந்தது.

பொத்தான் மினுக்கிக்கொண்டே மணலில் இறங்கியது. கொத்தனார் மோதிரமும் வாயுமாகக் குழியிலிருந்து எட்டிப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

த்தூ.

மோதிரத்தைத் துப்பிவிட்டுப் பொத்தான் மேல் பாய்ந்தார்.

தோள்வரை கையை விட்டு மோதிரத்தை எடுத்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் குதித்த குதியில் தொட்டித் தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் நனைந்தது.

போன் அடித்தது. பொத்தான் போன இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மகள் எடுத்தாள்.

"அம்மா, மாப்பிள்ளைதான். பொண்ணு கிளம்பியாச்சான்னு கேக்கறார்."

"அறுபத்தெட்டு வயசுப் பொண்ணுக்குக் கை தோள்வரைக்கும் ஈரம், துடைச்சுக்கிட்டு வர்றேன்னு சொல்லு!"