முகக்கவசம் கடைசியில்

கதவில் முதல் அடி விழுந்தபோது நர்ஸ் பெண் இடது கையுறையைப் பாதி கழற்றியிருந்தாள்.

டீச்சரம்மாவின் போன் திரையில் பதினெட்டுக் கட்டங்கள். பதினெட்டிலும் நர்ஸுகள். நோய் பரவ ஆரம்பித்ததிலிருந்து வகுப்பு இப்படித்தான். இன்றைக்குத் தேர்வு. தலை முதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்பை, நோய் மேலே ஒட்டாமல் கழற்றிக் காட்ட வேண்டும். இப்போது இவள் முறை.

"பொறந்த வீட்டுக்கு வந்த பொண்ணு நகையைக் கழட்டுற மாதிரி, ஒவ்வொண்ணா, நிதானமாக் கழட்டணும்டி. வானமே இடிஞ்சு விழுந்தாலும் முகக்கவசம் கடைசியிலதான்."

டீச்சரம்மா இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அவள் இருந்தது தூரத்து நகரத்தில், பயிற்சி அலுவலகத்தின் மாடி அறையில். நாலு மாதமாகச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயே. நர்ஸ் பெண் இருந்ததோ ஒரு தெருமுனைச் சுகாதார நிலையத்தில். வெந்துபோய்விடுவாளே என்று, உடுப்பு மாட்டுவதற்கு முன்பே டீச்சரம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். அதன் தாழ்ப்பாளை இழுத்தால் வராது, மேலே தூக்கித் திருப்பினால்தான் வரும் என்றும் சொன்னாள்.

இரண்டாவது அடியில் கதவு கீலோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

பத்துப் பன்னிரண்டு பேர். மருந்து அலமாரியின் கண்ணாடியில் ஒருவன் நாற்காலியைத் தூக்கி எறிந்தான். தடுக்க வந்த வாட்ச்மேன் அடிவயிற்றில் உதை வாங்கிச் சுருண்டார்.

"நோய்க்காரங்களைக் கொண்டாந்து எங்க தெருவுல அடைக்கவா பாக்குறீங்க? எந்த ஊர்க்காரிடி நீ?"

வெள்ளை உடுப்பு, மூக்குவரை கண்ணாடி, அதற்குக் கீழே இரண்டடுக்குக் கவசம். உள்ளே இருப்பது யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அவள் ஏதோ கத்தினாள். துணிக்குள்ளேயே அமுங்கிப் போனது.

ஒருவன் உடுப்பின் தலைமூடியைப் பிடித்து இழுத்துச் சுவரோடு மோதினான். மோதிய இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

முகத்தில் துண்டு கட்டிய இன்னொருவன் முன்னால் வந்தான். இடது கையில் இரும்புக் கம்பி. கை முழுதாக நீளவில்லை. முழங்கையில் ஒரு கோணல். அதனால் கம்பி பக்கவாட்டில் சுழன்று வந்து தோளில் விழுந்தது.

மற்ற பதினேழு பேரின் மைக்கையும் டீச்சரம்மா தேர்வுக்காக அணைத்து வைத்திருந்தாள். பதினேழு வாய்கள் சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடின.

டீச்சரம்மாவின் கண் அந்த முழங்கையிலேயே குத்தி நின்றது.

அடுத்த அடியைத் தடுக்க நர்ஸ் பெண் கையைத் தூக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் போனில் துல்லியமாகக் கேட்டது.

அவள் சரிந்து விழுந்தாள். விழுந்தவள், பாவம், நல்ல கையால் தரையைத் துழாவினாள். கம்பு தேடவில்லை, கல் தேடவில்லை. உருண்டு போன கிருமிநாசினிப் பாட்டிலைத் தேடினாள். கையுறைக்கு அப்புறம் கை சுத்தம், அதற்கப்புறம் உடுப்பு, அதற்கப்புறம் கண்ணாடி. அந்த அடியிலும் அவளுக்கு வரிசை தப்பவில்லை.

கம்பி மூன்றாவது தடவை உயர்ந்தது. இந்தத் தடவை தலைக்கு நேராக.

"கழட்டுடி!" டீச்சரம்மா அலறினாள். "முகக்கவசத்தை முதல்ல கழட்டு! உன் மூஞ்சியை அவனுக்குக் காட்டு!"

அவள் பிய்த்து எறிந்தாள். கண்ணாடியும் சேர்ந்து போனது. கவசத்தின் நாடா பதிந்த கன்னங்கள், மூக்கிலிருந்து வாய்க்குள் இறங்கும் ரத்தம்.

வாசலில் நின்ற ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, நம்ம நர்ஸுப் பொண்ணுடா! உன் பொண்டாட்டியைப் பாக்க மாசாமாசம் வருவாளே, அவடா!"

கம்பி அந்தரத்தில் நின்றது. பிறகு தரையில் விழுந்து உருண்டது.

யாருடைய காலோ மேசையில் இடிக்க, போன் மல்லாந்தது. அதன்பிறகு திரையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் காவல்துறை அதிகாரி டீச்சரம்மாவுக்குப் போன் செய்தார்.

"உயிருக்குப் பயமில்லைம்மா. முழங்கைதான் நொறுங்கிப் போச்சு. கம்பியால அடிச்சவன் யாருன்னு தெருவுல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. அந்தப் பொண்ணுக்கும் அடையாளம் தெரியல, மூஞ்சியைக் கட்டியிருந்தானாம். நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

அதிகாரி இரண்டு தடவை 'ஹலோ' என்றார்.

"முழங்கையை நல்ல எலும்பு டாக்டரா பாத்துக் கட்டச் சொல்லுங்க சார். அவசரத்துல ஏனோதானோன்னு கட்டினா ஆயுசுக்கும் கோணலாத்தான் நிக்கும். பச்சப் புள்ள எலும்புக்கே சரியாக் கூடல."

அப்புறம் ஒரு விலாசம் சொன்னாள். சுகாதார நிலையத்திலிருந்து நாலாவது வீடு, பச்சைக் கதவு, மாடிக்கு வெளிப்படி. நிறுத்தி நிறுத்தி, எழுதிக்கொள்ள வசதியாகச் சொன்னாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். "அந்த வீட்ல யாரும்மா இருக்காங்க?"

"கதவை மெதுவாத் தட்டுங்க சார். என் மருமகளுக்கு இது நிறை மாசம்."