தனி மருந்து

"இருளருங்களுக்கு வேற ஊசி, வேற பாட்டிலு. அப்டின்னாதான் எங்க ஜனம் கைய நீட்டும்" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் திருவேங்கடம்.

காலரா பக்கத்து ஊர் வரைக்கும் வந்துவிட்டிருந்த எழுபத்து மூன்றாம் வருஷம். திருக்கழுக்குன்றத்திலிருந்து தடுப்பு மருந்தோடு வந்திருந்த நர்ஸ் சாராள் உடனே தலையாட்டினாள்.

"சரிங்க. அப்டியே செஞ்சுடலாம்."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவளுக்கு இவ்வளவு பயம் எதற்கோ!

ஏரிக்கரை இருளர்கள் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய பாட்டில்களை ஒரு பெட்டியில் போட்டு, முன்னால் நின்ற ஆராயியின் கையில் கொடுத்தாள் சாராள்.

"உங்க மருந்து. நீயே புடிச்சுக்கினு நில்லு."

ஆராயியின் முகம் சுருங்கிப் போயிற்று. போன வருஷக் காலராவுக்கு மூத்த மகனைக் கொடுத்தவள். இடுப்பில் இருந்த பெண்ணாவது பிழைக்க வேண்டுமே என்றுதான் வந்திருந்தாள்.

"வேதக்காரங்க நீங்க. நீங்களுமாம்மா எங்கள ஒதுக்கறீங்க?"

சாராள் காதில் வாங்காதவள்போல ஊர் வரிசைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் ஊர்க்காரர்களுக்கான மருந்து தீர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் படாளத்திலிருந்து தலைவரின் சம்பந்தி குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

"இவுங்களுக்கும் போட்டுடு நர்ஸம்மா."

"தீந்து போச்சுங்க."

"அதோ, அவ கைல கீதே?"

"அது இருளருங்க மருந்துங்க. நீங்கதான தனியா வெக்கச் சொன்னீங்க?"

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "யாருக்குத் தெரியப் போவுது? எடுத்துப் போடும்மா."

சம்பந்திக்குக் கேட்டுவிட்டது.

"அவ தொட்ட மருந்தா? வேணாம் சம்பந்தி. நாங்க செங்கல்பட்டு ஆஸ்பத்திரில போட்டுக்கறோம்."

தலைவர் அவர்களை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

சாராள் மரத்தடிக்கு வந்தாள். முதல் ஊசி ஆராயியின் பெண்ணுக்கு. குழந்தை வீரிட்டது. அதன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"போன வருஷம் எல்லாரும் ஒண்ணுன்னு ஒரே வரிசைல நிறுத்தினேன், ஆராயி. உங்களக் கடைசிக்குத் தள்ளிட்டாங்க. உன் புள்ள கிட்ட நான் வந்தப்ப மருந்து இல்ல."