பாதிரிமார் பரம்பரை

2024 மே 12, ஞாயிறு மாலை, சென்ட் லோரன்ட் பகுதியில் உள்ள துஷாந்தினியின் வீட்டுக்கு அவள் காதலன் எய்வின்ட் பெண் கேட்டு வந்தான். நோர்வேயின் தொடக்ககால நாடக மேடைகளில் நடித்த தன் முன்னோரைத் தேடிக் கண்டுபிடித்த பெருமை அவனுக்கு இருந்தது.

"அப்பா ஓமெண்டால்தான் கலியாணம். பூர்வீகம் கேப்பார், கூத்தாடியள் எண்டு சொல்லிப்போடாதை. பாதிரிமார் எண்டு சொல்லு" என்று வாசலிலேயே எச்சரித்தாள் துஷாந்தினி.

அப்பா கேட்டார். "தம்பி, உங்கட முன்னோர் என்ன செய்தவை?"

"பரம்பரையாப் பாதிரிமார், அங்கிள்." அவள் பழக்கிய தமிழில், கண்ணிமைக்காமல் சொன்னான்.

அப்பாவின் முகம் இறுகியது. "வேதக்காரர், கிறிஸ்தவர் எண்டாலும் பரவாயில்லை, தம்பி. பாதிரி வீட்டில சம்பந்தம் செய்துபோட்டு, நான் எங்கட சைவக் கோயில் சபையில எப்பிடி இருக்கிறது?"

எய்வின்ட் தலைகுனிந்து போனபின், அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "நல்ல பெடியன். நாடகக்காரற்ர பிள்ளை எண்டாலும் குடுத்திருப்பன். உன்ர அப்பர் மேடையில பெண்வேசம் போட்டவர் எண்டு தெரிஞ்சுதானே நான் உன்னைக் கட்டினனான்."

"மெல்லக் கதையுங்கோ, பிள்ளைக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

கதவருகே நின்ற துஷாந்தினிக்கு எல்லாம் கேட்டது. உண்மையைச் சொன்னால் எய்வின்ட் பொய்யனாவான். பொய்யனுக்கும் அப்பா பெண் கொடுக்கமாட்டார்.

அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று.