நடுவில் ஒரு மலை

அப்பா செய்து வைத்துவிட்டுப் போன பொம்மை ரயில், கூடம் முழுக்க நீண்ட மேசைமேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடும். ஜவுளிக்கடையைப் பிரித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் அதைமட்டும் பிரிக்க முடியாமல் மூன்று வருடம் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில், மேசைக்கு நடுவே இருபுறமும் மலையும் வானமும் வரைந்த இரட்டைப் பலகையை நிறுத்தி, கூடத்தையே இரண்டாக அடைத்துவிடுவது என்று மத்தியஸ்தர் முடித்துவைத்தார். ரயில் போய்வர மலையில் ஒரு குகை வேண்டும் என்பது மட்டும் அண்ணன் சிவநேசன் விடாப்பிடியாகப் பேரம் பேசி வாங்கியது.

பெயிண்டர் அமல்ராஜிடம் அவர், “வானத்தை விட்டம் வரைக்கும் ஏத்து. அவன் மூஞ்சி தெரியக்கூடாது” என்றார்.

“இவ்வளவு வானம் எந்த ஊர்லயும் கிடையாதுங்க, முதலாளி.”

“காசு என்னுது. வானத்துல நீ ஏன் கஞ்சத்தனம் பண்றே?”

பலகை நின்றது. சிவநேசன் சுவிட்சைப் போட்டார். எஞ்சின் குகைக்குள் நுழைந்தது. ‘டொக்’கென்று முட்டி நின்றது.

அமல்ராஜ் தலையைச் சொறிந்தான். “சின்ன முதலாளி நேத்தே சொல்லிட்டாங்க. அவங்க பக்கம் மலை முழுசா இருக்கணுமாம். ஓட்டை கூடாதாம்.”

சிவநேசன் எஞ்சினைப் பின்னுக்கு இழுத்து மறுபடி விட்டார். டொக். இன்னொரு தடவை. டொக், டொக்.

மலைக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல் வந்தது. “யாரு?”

மூன்று வருடத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. சிவநேசன் வாயைத் திறந்தார். பிறகு அமல்ராஜ் பக்கம் திரும்பி, “ரயிலுன்னு சொல்லுப்பா” என்றார்.