எதிர்க்கடையில் ஒரு சிவப்புப் புள்ளி

கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் இருந்த ஐந்து பேரும் எங்கே போனாலும் உள்ளூர் டிவி சேனலின் நேரலை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தார்கள். அதற்குச் சம்மதித்தால்தான் பட்டியலில் இடம். நாகர்கோவிலே அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெர்லின் ஒரு புள்ளியை மட்டும் பார்த்தாள். அது ததேயுஸ், ஆறு வருடத்துக்கு முன் சண்டை போட்டு வீட்டை விட்டுப் போன அவள் அப்பா.

மத்தியானம் நேர்காணல் முடிந்ததும் புள்ளி ரயில் நிலையத்துக்குப் போகவில்லை. ஜெர்லின் வீட்டுத் தெருவுக்குள் திரும்பி, எதிர் டீக்கடையில் நின்றது.

"அம்மா, அப்பா எதுத்த கடையில நிக்கிறாரு."

"நிக்கட்டும். காலு வலிச்சா தானே போவாரு." சொல்லிக்கொண்டே அம்மா மூன்றாவது தட்டை எடுத்துக் கழுவினாள்.

'இந்தத் தெருவில் யாரோடு ரகசியப் பேச்சு?' என்று சேனல் கத்தியது. ஐந்தே நிமிடத்தில் கேமராக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஜெர்லின் ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பா வீட்டை நோக்கி ஓரடி வைத்தார். மைக்குகளும் கூடவே நகர்ந்தன. அவர் நின்றுவிட்டார்.

"டீ நல்லாருக்கும்னு சொன்னாவ. அதான் குடிச்சேன்," என்று அவர்களிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

சாயங்காலம் அந்தக் கடையில் டீ குடிக்க ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். மூன்றாவது தட்டு கவிழ்த்தபடியே இருந்தது.

"இந்த வேல அவருக்குக் கெடைக்க வேண்டாம் மக்ளே," என்றாள் அம்மா. "பட்டியல்ல இருந்து பேரு போச்சின்னா புள்ளியும் போயிரும். பொறவு ஆரும் பாக்காம வரலாம்லா."

யார் வேண்டும் என்று சேனல் வாக்குக் கேட்டது. ஜெர்லின் வேறொருவர் பெயரை அழுத்தினாள்.